கம்ப்ரசர் இல்லாத குளிர்ச்சி

1

இந்த மாசியோடு அம்மா போய் ஒரு வருஷம். நைனா ஆஸ்திரேலியாவுக்கு என்னிடம் வந்து அரை வருஷத்துக்கு மேலாகிறது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். வெளியூர்க்காரர்கள் குழம்பவேண்டாம் என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் என்பது மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பினால் வருகிற ஒரு குப்பம். ஊரே கடலுக்குப் போகும், நைனா மட்டும் போகமாட்டார். படகில் ஏறினால் அவருக்கு வாந்தி வந்துவிடும். குப்பத்தில் பிறந்த ஆண்பிள்ளைக்கு இதைவிட அவமானம் கிடையாது. அதனால் ஐஸ் பேக்டரிக்கு வேலைக்குப் போனார். படகுகளுக்கும் மீன் வண்டிகளுக்கும் பார் பாராக ஐஸ் செய்து கொடுக்கிற தகரக் கொட்டகை அது. குளிரை உண்டாக்குகிற கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை, கம்ப்ரசர் ஏழுமலை என்றால் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ஆள் தெரியும்.

அம்மா மீன் விற்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று பஸ் ஏறுவாள். வீட்டில் பேச்செல்லாம் அவளுடையதுதான். கம்ப்ரசர் சத்தத்தில் நைனாவுக்குப் பாதிக் காது போய்விட்டது, மீதிக் காதை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவள் போனபின் அந்த வீட்டில் அவரோடு பேச ஆளில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, விசாவுக்கு நடையாய் நடந்து அவரை அழைத்துக்கொண்டேன்.

வந்த மறுநாள் காலையில் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு முதல் பேச்சாகச் சொன்னார்.

“அவ வருசத் திதிக்கு முன்ன நான் ஊருக்குப் பூடணும்மா.”

“உங்க இஷ்டம் நைனா,” என்றேன்.

அதற்கப்புறம் இது வாராவாரம் நடந்தது. போகணும் என்பார். உங்க இஷ்டம் என்பேன். அவர் என்னோடேயே இருந்துவிட வேண்டும் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் ஒருவர் தன் விருப்பத்தைச் சொன்னால் அதை மதிக்கவேண்டும், நம் ஆசையை அவர் தலையில் கட்டக்கூடாது என்று இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டிருந்தேன். இங்கே யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. அதை ஒரு நாகரிகம் என்றே நம்பியிருந்தேன்.

2

என் தொழிலைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். நான் கட்டிடம் வரைகிறவள். அதிலும் ஒயின் தயாரிக்கிற இடங்களுக்கு. பொண்ணு இன்னா வேல செய்யுது என்று கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, “ஜூஸ் கம்பெனிக்கு பில்டிங் கட்டுது” என்று சொல்லிவந்தாள். குடிக்குப் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற குப்பத்தில் அவள் வேறு எப்படிச் சொல்வாள்?

செங்கல்பட்டில் படிப்பை முடித்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை கேளம்பாக்கத்தில், ஐடி பிள்ளைகளுக்கான அடுக்குமாடி வீடுகள். மேற்கு வெயிலுக்கு நேராக ஆளுயரக் கண்ணாடியை வைப்பார்கள். உள்ளே வந்த சூட்டைத் துரத்த எந்தச் சுவரில் ஏசிப் பெட்டியை மாட்டுவது என்பதை நான் வரைந்து கொடுக்கவேண்டும். நெருப்பை மடியில் கட்டிவிட்டு விசிறி விற்கிற அந்தப் பிழைப்பில் எனக்கு எரிச்சலே மிஞ்சியது. சூட்டை முதலிலேயே வாசலில் நிறுத்தினால் என்ன என்று கேட்டால், “மேடம், கஸ்டமர் கண்ணாடிதான் கேக்கறாங்க” என்பார்கள்.

இங்கே அடிலெய்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், மலைக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறோம். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஹெலனின் திராட்சைத் தோட்டம். ஹெலன் அறுபதைத் தாண்டியவர். கணவர் போனபின் தோட்டத்தையும் ஒயின் வேலையையும் தனியாக நடத்துகிறார். பழைய கொட்டகை இற்றுப்போய்விட்டது, புதிதாகக் கட்டித் தரவேண்டும் என்று என்னைத் தேடி வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கு அழகு வேண்டாம். தரை கழுவச் சுலபமாக இருக்கவேண்டும். பீப்பாய் தூக்குகிற வண்டி ஒரே வளைப்பில் திரும்பவேண்டும். கரண்ட் பில்லைப் பார்த்து எனக்கு மயக்கம் வரக்கூடாது.” கேளம்பாக்கத்தில் ஒரு ஆள் இப்படிக் கேட்டிருந்தால் நான் நாட்டை விட்டே வந்திருக்கமாட்டேன்.

தோட்டம் சரிவில் இருக்கிறது. அந்தச் சரிவையே வேலைக்கு வைத்துக்கொண்டேன். பழம் மேல்தளத்தில் வந்து இறங்கும். அங்கே நசுங்கி, சாறு தானாகவே கீழே தொட்டிகளுக்கு வரும். புளித்துப் பொங்கி அடங்கியபின் அங்கிருந்து இன்னும் கீழே, பீப்பாய்க் கிடங்குக்குப் போகும். தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடும் என்பதற்குமேல் இதில் ஒரு சூட்சுமமும் இல்லை, பம்புக்கு வேலை குறைந்தது. சாறு பொங்கும்போது கிளம்புகிற கரியமில வாயு கனமானது, தரையோடு படுத்துக்கொண்டு ஆளைக் காவு வாங்கிவிடும். அதற்காகத் தொட்டிக் கூடத்தில் தரையை ஒட்டித் தனி வழியும் விசிறியும் வைத்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கவில்லை.

கிடங்கைப் பாதிக்கு மண்ணுக்குள் இறக்கினேன். வெளியே தெரிகிற பாதிக்கு, மண்ணை இடித்துக் கெட்டித்துச் செய்த பருமனான சுவர். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், அதனால் வடக்கே கூரையை நன்றாக நீட்டிவிட்டேன். ஏசி வைக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் கோடைப் பகல் நம் கத்திரியைத் தோற்கடிக்கும். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் போர்வையைத் தேடவேண்டும். அந்த ராத்திரிக் குளிரை உள்ளே வாங்கிக்கொண்டு, பகலில் மூடி வைத்தால் சுவரும் தரையும் பார்த்துக்கொள்ளும். சுவரின் அடியில் ஒரு வரிசை ஜன்னல், கூரைக்குக் கீழே இன்னொரு வரிசை. மாலையில் திறந்தால் கீழே குளிர்காற்று நுழையும், மேலே சூடு வெளியேறும். காலையில் மூடவேண்டும்.

ஜன்னல்களுக்கு மோட்டார் வைக்கலாமே என்றார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்றேன். இங்கே போகாது என்று சிரித்தார்கள். ஒவ்வொரு புயலுக்கும் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவளிடம் அந்தக் கதை நடக்குமா? கையால் சுற்றுகிற கைப்பிடிதான் வைத்தேன்.

ஹெலனின் மகன் ஸ்டீவுக்கு மட்டும் இதில் நம்பிக்கை வரவில்லை. நகரத்தில் பேங்க் வேலையில் இருக்கிறான், பெரிய மெஷின் வைத்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. கடைசியில் அம்மாவும் மகனும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரு கோடை பார்ப்பது, கிடங்கில் சூடு ஏறினால் சுவரை உடைத்து மெஷின் வைப்பது. இதுதான் அந்த முதல் கோடை.

3

நைனாவுக்கு இங்கே பொழுது போகவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. பொழுதைப் போக்க அவர் முயற்சியே செய்யவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர், இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. மகள் அனு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அனுவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. நைனாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் பேச வரும், புரியாது. இருவரும் உரையாடினால் கேட்கக் காதுகோடி வேண்டும்.

“இன்னா கண்ணு, துன்னியா?”

“ஐயம் ஃபைன் தாத்தா.”

“வெரி குட். வெரி குட்.”

அதோடு முடிந்தது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், அவர் தெருவுக்குத் திரும்பிவிடுவார்.

பெற்றவர்களை வருஷக்கணக்கில் கூட வைத்துக்கொள்ள இங்கே ஒரு தனி விசா உண்டு. அதற்கான மனுவை நான் பாதி நிரப்பியே வைத்திருந்தேன். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். எங்கள் குப்பத்தில் குடும்பத்துக்கென்று ஒரு பெயரை யார் வைத்தார்கள்? முதல் விசாவுக்கே இந்தச் சண்டை நடந்து, கடைசியில் கம்ப்யூட்டர் அவரை ஏழுமலை ஏழுமலை என்று ஆக்கிவிட்டது. பதினாலு மலை என்று அனு சிரித்தாள். தாத்தா பெயரின் அர்த்தம் அவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். ஹெலனிடம் சொன்னபோது, அது நல்ல ஒயினுக்கு வைக்கவேண்டிய பெயர் என்றார்.

மனுவில் மீதிப் பாதிக்கு அவர் சம்மதம் வேண்டும். அதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. கேட்டு, முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க வழியிருக்காது. கேட்காதவரை ஒரு நப்பாசை மிச்சமிருந்தது.

4

அறுவடை தொடங்கின வாரம் நைனாவை ஹெலன் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் கட்டியது எதையும் அவர் அதுவரை பார்த்ததில்லை. வெளியே அனல். கிடங்குக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டார். கையை நீட்டிச் சுவரைத் தொட்டார்.

“மெஷின் எங்கம்மா?”

“மெஷின் இல்ல நைனா.”

“அப்ப எப்பிடி இம்மாம் ஜில்லுனு கீது?”

“சுவருதான்.”

நம்பவில்லை. கட்டிடத்தைச் சுற்றி ஒரு நடை போய்வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். தொட்டிகளுக்கு வைத்திருந்த சின்னக் கூலிங் மெஷினைக் கண்டுபிடித்து, அதன் குழாய் கிடங்குக்குள் வருகிறதா என்று தொட்டுக்கொண்டே வந்தார். வரவில்லை என்றதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“பூமிக்கு அடியில வெச்சிகீறியா?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விளக்க ஆரம்பித்தேன். சுவர், மண், கூரை என்பதுவரை வந்துவிட்டேன், ஜன்னலுக்கு வருவதற்குள் ஆபீசிலிருந்து போன் வந்துவிட்டது. “அப்புறம் சொல்றேன் நைனா,” என்று நகர்ந்தவள் அப்புறம் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

திரும்பி நடக்கும்போது, “பீப்பாயில கீற இத்த எத்தினி நாளு வெப்பாங்க?” என்றார்.

“ரெண்டு வருஷம்கூட வெப்பாங்க.”

“ரெண்டு வருசமா! மீனு ரெண்டு நாளு தாங்காது,” என்று தலையை ஆட்டிக்கொண்டார். அம்மா போனபிறகு அவர் குரலில் ஒரு வியப்பை அன்றுதான் கேட்டேன்.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் அங்கே நடந்து போய்வர ஆரம்பித்தார். ஹெலனுக்கு ஆட்சேபணை இல்லை. கிடங்கு வாசலில் மாட்டியிருக்கிற வெப்பமானியை அவருக்குக் காட்டி, கட்டை விரலை உயர்த்தியிருக்கிறார். அவ்வளவுதான், நைனாவுக்கு டூட்டி போட்டமாதிரி ஆகிவிட்டது. ஷேவ் பண்ணிக்கொண்டார். கலைந்து கிடந்த தலைக்கு எண்ணெய் வைத்தார். ராத்திரி சாப்பாட்டின்போது கிடங்கில் இன்று எவ்வளவு சூடு என்று அனுவிடம் இங்கிலீஷில் நம்பர் சொல்வார், அவள் போனில் வெளியே எவ்வளவு என்று பார்த்துச் சொல்வாள், இருவரும் கழித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். இன்னொரு தோசை போடவா என்றால், போடு என்றார். எழுந்து போய் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

5

பிறகுதான் அந்த வெயில் வாரம் வந்தது. ஹெலன் போன் செய்தார். கிடங்கில் சூடு ஏறுகிறது. ஒரே நாளில் இல்லை, நாளுக்குக் கொஞ்சமாக, ஆனால் நிற்காமல்.

வரைபடங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வெயில் சூடு இறங்காமலிருக்கக் கூரைக்கு அடியில் பரப்பிய கம்பளி அடுக்கில் ஈரம் இறங்கிவிட்டதா, சுவரில் விரிசலா என்று போய்த் தடவிப் பார்த்தேன். கிடங்கில் வேலை செய்கிற லூக்கிடம், மாலையில் ஜன்னல்களைத் திறக்கிறாயா என்று கேட்டேன். வீட்டுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் தானே திறந்துவிட்டுப் போவதாகச் சொன்னான். பொய் சொல்கிற ஆளில்லை. ராத்திரி வெளியே நல்ல குளிர்தான். பிறகு ஏன் ஏறுகிறது?

ஸ்டீவ் சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டான், மெஷின்காரரையும் கூட்டிக்கொண்டு. ஹெலன் என்னைக் குறை சொல்லவில்லை. “ஒயின் காத்திருக்காது, தெரியுமில்லையா?” என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

வீட்டில் நைனா மறுபடி ஒடுங்கிப்போனார். சாப்பாட்டில் நம்பர் சொல்வது நின்றுவிட்டது. தட்டில் வைத்ததைப் பிசைந்துகொண்டே இருப்பார். திதி நெருங்குகிறது, அம்மா ஞாபகம், ஊர் ஞாபகம் என்று நானாக எண்ணிக்கொண்டேன்.

“டிக்கெட்டு பார்த்தியாம்மா?”

“எப்பன்னு சொல்லுங்க நைனா, போட்டுடறேன். உங்க இஷ்டம்தான்.”

தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

6

புதன்கிழமை சாயங்காலம், பொழுது சாய்கிற நேரத்தில் கிடங்கைப் பார்க்கக் காரில் போனேன். லூக் போய்விட்டிருந்தான். இறங்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டிடத்தை ஒட்டி நைனா நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கைப்பிடியாகப் பிடித்து, நிதானமாகச் சுற்றி, ஜன்னலை மூடிக்கொண்டே வந்தார். மூடியதும் உள்ளங்கையால் ஓரம் முழுக்கத் தடவி, இடுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். மேல் வரிசைக்கான கைப்பிடிகளையும் விடவில்லை. கடைசி ஜன்னலை மூடிவிட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சின்னப் பெண்ணாக ஐஸ் பேக்டரிக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். கதவைத் திறந்தால் முதலில் எனக்குத் திட்டுதான் விழும், பிறகுதான் தூக்குச்சட்டியை வாங்குவார். “கதவ சாத்து! ஜில்லுனு கீறதெல்லாம் வெளிய போவுது பாரு!” ஐஸ்காரருக்குத் திறந்த கதவென்றால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. அதோடு, எங்கள் கடற்கரையில் கோடை ராத்திரி எப்போது குளிர்ந்தது? விடிய விடிய வேகும். ராத்திரியில் திறந்துவைத்தால் குளிர்ச்சி வரும் என்று அந்தக் கரையில் பிறந்த யாருக்கும் தோன்றாது. பாவம், இந்தப் பசங்கள் தினமும் மூட மறந்துவிட்டுப் போகிறார்கள், மகள் கட்டின கட்டிடம் கெட்டுப்போகும் என்று தினமும் வந்து மூடியிருக்கிறார். தொட்டில் பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்?

காலையில் வந்த லூக், ஜன்னல்கள் மூடியிருப்பதைப் பார்த்து ஹெலன்தான் விடியற்காலையில் எழுந்து மூடிவிட்டார் என்று நினைத்திருக்கிறான். லூக் மூடினான் என்று ஹெலன் நினைத்திருக்கிறார். அறுவடைக் களைப்பில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு இன்னும் ஒரு ராத்திரி கிடங்கு வெந்தது. தெரிந்தும் என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, அவர் போனபின் திரும்பி வந்து திறந்து வைக்கவும் தோன்றவில்லை.

மறுநாள் ஹெலனிடம் சொன்னேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, “அவரிடம் சொல்லிவிட்டாயா?” என்றார்.

“இல்லை.”

“இரண்டு வழி இருக்கிறது. அவரிடம் சொல். இல்லை, கைப்பிடிகளுக்குப் பூட்டுப் போடு. எது உனக்குச் சுலபம்?”

“பூட்டு,” என்றேன்.

ஹெலனுக்கு அது விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை. ஆயுசு முழுக்கக் குளிர்ச்சியைக் காவல் காத்த மனுஷரிடம், நீங்கதான் சூடாக்கிட்டீங்க என்று எந்த வாயால் சொல்வது? காலையில் எழுந்து முகம் கழுவிப் போவதற்கு அவருக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே இடம் அது. அதையும் பிடுங்கினால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார். கடைக்குப் போய்ப் பூட்டுகள் வாங்கினேன்.

7

கட்டிடத்தின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். சனிக்கிழமை ஸ்டீவ் வந்தபோது கிடங்கில் சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. மெஷின்காரர் ஒரு கிளாஸ் ஒயினைக் குடித்துவிட்டு, சுவரை மெச்சிவிட்டுப் போனார். இனி சொல்லப்போவது வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது.

கைப்பையில் பூட்டுகளோடு நைனாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. அவர் எதையும் தொடவில்லை. வெப்பமானிக்கு எதிரில், கவிழ்த்துப்போட்ட ஒரு பழக்கூடையின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“பாப்பா, இப்பிடி வா. ஒண்ணு கேக்கணும். கோச்சிக்காத.”

பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

“இந்த ஜன்னலுங்கள நான்தான் மூடிகினு வந்தேன். டெய்லி. பசங்க மறந்துட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். ஆனா மூட மூட சூடு ஏறுது. கம்ப்ரசர் ஓடற எடத்துல கதவ மூடுனா கொறையும். இங்க ஏறுது. ரோசன பண்ணிகினே கீறேன், தூக்கம் வரல. எம்மேலதான் தப்பு கீது, இல்ல?”

“எப்போலருந்து தெரியும் நைனா?”

“நாலஞ்சி நாளா சந்தேகம்.”

“அப்புறமும் ஏன் மூடினீங்க? என்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் லுங்கியின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

“திடீர்னு நிறுத்திட்டா, நான்தான்னு தெரிஞ்சி பூடும். தெரிஞ்சா நீ டிக்கெட் போட்டுடுவ. இந்தாளு இருந்தா வேலைக்கே ஒல வெப்பான்னு அனுப்பி வெச்சிடுவன்னு பயந்துகினு இருந்தேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “போறேன், போறேன்னு நீங்கதான நைனா சொல்லிட்டிருந்தீங்க?”

“போறேன்னா?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்ம ஊர்ல ஒருத்தன் போறேன்னு எழுந்தா இன்னா சொல்லுவாங்க? இருப்பா, இன்னா அவசரம், சோறு துன்னுட்டுப் போன்னு சொல்லுவாங்க. கைய புடிச்சி உக்கார வெப்பாங்க. உங்கம்மா எத்தினி பேர அப்பிடி உக்கார வெச்சிகீறா! நீ ஒவ்வொரு தபாவும் உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னு சொல்ற. சரி, பொண்ணுக்கு நம்மள வெச்சிக்க இஷ்டமில்ல போல, வாயத் தொறந்து சொல்லத் தயங்குதுன்னு...”

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. உங்க இஷ்டம் என்று எங்கள் ஊரில் எப்போது சொல்வார்கள்? கைகழுவி விடும்போதுதான் சொல்வார்கள். எக்கேடோ கெட்டுப் போ என்பதற்குக் கொஞ்சம் மரியாதையான வார்த்தை அது. அதைத்தான் நான் என்னைப் பெற்ற அப்பாவுக்கு வாராவாரம் காபியோடு கொடுத்துக்கொண்டிருந்தேன், மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

“நைனா, உங்கள இங்கயே வெச்சிக்க மனு எழுதி வெச்சிருக்கேன். உங்க கையெழுத்துதான் பாக்கி. கேட்டா மாட்டேன்னுடுவீங்களோன்னு கேக்கல.”

“எழுதி வெச்சிகீறியா?”

“ரொம்ப நாளா.”

“அத்த சொல்றதுக்கு இன்னா உனக்கு?” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. “அங்க போயி இன்னா பண்ணப் போறேன் நானு? வூட்டத் தெறந்தா அவ இல்ல. இங்கன்னா நீ கீற, கொழந்த கீது.”

“அம்மா திதிக்கு ஊர்ல இருக்கணும்னு சொன்னீங்களே.”

“இங்க கடலு இல்லியா இன்னா? நான் எங்க கீறனோ அங்க வந்துடுவா அவ. நாப்பது வருசம் எங்கூடவே வந்தவதான.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நினைவு தெரிந்து நான் அதைச் செய்தது கிடையாது. நாங்கள் கையைப் பிடித்துக்கொள்கிற குடும்பம் இல்லை. அவர் உள்ளங்கை இன்னும் காய்த்துப்போய்த்தான் இருக்கிறது.

பிறகு அன்று பாதியில் விட்ட விளக்கத்தைச் சொல்லி முடித்தேன். ராத்திரி இங்கே எப்படிக் குளிர்கிறது, அது கீழே எப்படி நுழைகிறது, சூடு மேலே எப்படிப் போகிறது, பீப்பாயும் சுவரும் அந்தக் குளிர்ச்சியை எப்படிப் பிடித்துவைக்கின்றன என்று. குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்றார். காற்றே அடிக்காத நாளில்? அதை நான்கூட யோசித்து யோசித்துத்தான் தீர்த்திருந்தேன், சொன்னேன். நான் செய்கிற வேலையைப் பற்றி அவர் என்னிடம் இத்தனை கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே வெயில் இறங்கிவிட்டது. கீழ் ஜன்னல்கள் வழியாக முதல் குளிர்காற்று வந்து எங்கள் காலைத் தொட்டது.

எழுந்தார். லூக் பாதி மட்டுமே திறந்துவைத்திருந்த ஒரு ஜன்னலுக்குப் போய்க் கைப்பிடியில் கையை வைத்தார். சுற்றாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“முழுசா தெறந்துடட்டாம்மா? நீ சொல்லு.”

நாக்கு நுனிவரை அந்தப் பழைய வார்த்தை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“தெறங்க நைனா,” என்றேன். “நாளைக்கும் நீங்கதான் தெறக்கணும். அடுத்த வருஷமும் நீங்கதான். எங்கயும் போகக்கூடாது.”